நூற்றொன்றாவது பிளாக்

அன்புள்ள கணேசா,

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ராஜன் மாற்றலாகித் தூத்துக்குடிக்கே வந்துவிட்டான். அல்வா கணக்கு இன்னும் பாக்கி என்று உன்னிடம் சொல்லச் சொன்னான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மச்சான் பி.எஃப். பணத்தை எடுத்து ஏதோ ஒரு ஆப்பில் பிட்காயின் வாங்கப்போகிறார் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. போனில் பேசினால் நடுவில் ஸ்கோர் கேட்பாய், அதனால்தான் எழுதுகிறேன். ஒரு ரூபாய் போடுவதற்கு முன்னால் அவர் தன் லேப்டாப்பில் ஒரு நோடு, அதாவது பிட்காயின் கணக்கைத் தானே வைத்துச் சரிபார்க்கும் மென்பொருள், ஓட்டிப் பார்க்கட்டும். நானும் இப்போது ராத்திரியெல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவு பிடித்துவிட்டது!

இதுவரை நடந்த எல்லாப் பரிவர்த்தனையும் பிளாக் பிளாக்காகக் கோத்திருக்கும், 600 ஜிபியைத் தாண்டிய முழுச் சங்கிலியையும் இறக்க வேண்டுமோ என்று பயப்படாதே. பிட்காயின் கோர் என்ற இலவச மென்பொருளிலேயே ‘ரெக்டெஸ்ட்’ என்று ஒன்று இருக்கிறது. அதைத் தொடங்கினால் உன் கணினிக்குள்ளேயே ஒரு தனிச் சங்கிலி புதிதாக ஆரம்பிக்கும். இன்டர்நெட்கூட வேண்டாம். ஒரு வாலட்டும் (காயினுக்கான சாவிகளை வைத்திருக்கும் பை) முகவரியும் உருவாக்கி, 101 பிளாக் மைன் பண்ணச் சொல்லி, அதாவது சங்கிலியில் புதிதாகச் சேர்க்கச் சொல்லி, கட்டளை கொடுத்தால் போதும், சட்டென்று முடிந்துவிடும். பிளாக்குக்கு 50 காயின் பரிசு, எல்லாம் வெறும் சோதனைக் காயின். ஆனால் இருப்பைக் கேட்டால் மொத்தமே 50தான் செலவுக்கு என்று காட்டும்! மீதி 5,000 முதிரவில்லையாம். மைன் பண்ணிய காயினை, அந்த பிளாக்குக்கு மேல் இன்னும் 100 பிளாக் ஏறும்வரை தொட முடியாது. சங்கிலியின் நுனி மாறினால் அந்தக் காயினே இல்லாமல் போய்விடலாம், அதனால் இந்த விதி.

அடுத்து, 10 காயின் அனுப்பிப் பார்த்தேன். 2009 ஜனவரி 12 அன்று, பிட்காயினை உருவாக்கிய சதோஷி, ஹால் ஃபின்னி என்ற நிரலாளருக்கு அனுப்பியதும் அதே 10தான், 170ஆவது பிளாக்கில் இருக்கிறது. முதலில் அனுப்ப மறுத்தது. கட்டணத்தைக் கணிக்க இந்தக் குட்டிச் சங்கிலியில் பழைய பரிவர்த்தனை எதுவும் இல்லை. கான்ஃபிக் ஃபைலில் ‘ஃபால்பேக்ஃபீ’ (கணிக்க முடியாதபோது எடுத்துக்கொள்ளும் கட்டணம்) என்று ஒரு வரி சேர்த்ததும் போனது. போய் மெம்பூலில், அதாவது பிளாக்கில் சேரக் காத்திருக்கும் இடத்தில், நின்றது. உறுதிப்பாடு, அதாவது அது சேர்ந்த பிளாக்கிலிருந்து எண்ணும் பிளாக் கணக்கு, பூஜ்யம். இன்னொரு பிளாக் மைன் பண்ணினேன், ஒன்று ஆனது. அந்தப் பரிவர்த்தனையைப் பிரித்துப் பார்த்தால், அந்த 50 முழுசாகவே உள்ளே போயிருக்கிறது. கண்டக்டரிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிச் சில்லறை வாங்குவதுபோல, கட்டணம் போக 40க்குச் சற்றுக் குறைவாக என் வாலட்டின் வேறொரு முகவரிக்குத் திரும்பியிருக்கிறது. படித்தபோது புரியாத இடம் இது, கண்ணால் பார்த்ததும் பிடிபட்டது.

இதற்குப் பிறகு சிக்னெட். அது உலகமே பயன்படுத்தும் சோதனைச் சங்கிலி. குறிப்பிட்ட சிலர் கையொப்பமிட்டால்தான் அதில் பிளாக் சேரும். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும். காயினை இலவசமாகக் கொடுக்கும் ‘ஃபாசெட்’கள் இருக்கின்றன. விலை எதுவும் கிடையாது, தாராளமாக அனுப்பிப் பழகலாம்.

இதையெல்லாம் மச்சானுக்காக ஏன் சொல்கிறேன்? நோடு எதையும் நம்பிக்கையில் ஏற்காது. ஒவ்வொரு பிளாக்கும் விதிப்படி இருக்கிறதா என்று தானே சரிபார்க்கும். ஆப்பில் தெரியும் தொகை அப்படியல்ல, நடத்துகிறவன் எழுதும் எண் அது. அப்படியும் போட்டே தீருவேன் என்றால், முதலில் சின்னத் தொகை போட்டு, ரகசியச் சாவி (காயினைச் செலவழிக்கத் தேவையான எண்) தன் கையில் இருக்கும் முகவரிக்கு அதை எடுத்துப் பார்க்கட்டும். எடுப்பதற்கு முன் வரி கட்டு, டெபாசிட் கட்டு என்று எவனாவது கேட்டால் அங்கேயே நிறுத்தச் சொல். லாபத்துக்கு 30 சதவீத வரி 2022 ஏப்ரலிலிருந்து உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது வருமான வரித் துறைக்குக் கட்டுவது, ஆப்காரனுக்கு அல்ல. கணேசா, அந்த பி.எஃப். பணம் இருபது வருட உழைப்பு. உன் அக்கா முகத்தை நினைத்துப் பார்.

ஞாயிறு காலையில் அவரை என்னைக் கூப்பிடச் சொல், உட்கார வைத்து நானே காட்டுகிறேன். நீயும் சோம்பேறித்தனம் பண்ணாமல் சிக்னெட்டில் ஒரு முகவரி உருவாக்கி அனுப்பு. ‘டிபி1’ என்று தொடங்கும். எழுத்து விடாமல் காப்பி பண்ணு, உன் கையெழுத்தில் மட்டும் எழுதி அனுப்பிவிடாதே.

அன்புடன்,
சங்கர்