அந்தத் தெருக்களைக் கட்டியவர்கள் கடைக்காரர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்க மேற்கின் பழைய சுரங்க ஊர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை முழுக்க துப்பாக்கிச் சண்டை, சீட்டாட்டம், ஷெரிஃப், சாராயக்கடை, இவ்வளவுதான். எல்லாப் படங்களிலும் பின்னால் வரிசையாக நிற்கின்றனவே இரண்டு மாடி, மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள், அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

அந்தத் தெருக்களைக் கட்டியவர்கள் வியாபாரிகள். தங்கமோ வெள்ளியோ கிடைத்த செய்தி பரவியதும் முதலில் கூடாரம், அப்புறம் பலகைக் கடை. கடை உண்மையில் சின்ன சாய்வுக் கூரைக் குடிசை அளவுதான் இருக்கும், ஆனால் தெருப்பக்கம் மட்டும் கூரையை மறைக்கிற மாதிரி உயரமான பலகைச் சுவர் ஒன்றை எழுப்பி அதில் பெரிதாகப் பெயர் எழுதிவிடுவார்கள். சினிமாவில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத்தான். அது பல ஊர்களில் சில வருடங்கள்கூட நிற்கவில்லை, ஏனென்றால் தீ வந்தது. நெவாடாவின் வர்ஜீனியா சிட்டியில் 1875 அக்டோபரில் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. தெற்கு டகோட்டாவின் டெட்வுட்டில் 1879 செப்டம்பரில் ஒரு பேக்கரியில் பிடித்த தீ சுமார் 300 கட்டடங்களை விழுங்கியது. அதற்குப் பிறகுதான் செங்கல்லும் கல்லும் வந்தன, பல இடங்களில் ஜன்னலுக்கும் கதவுக்கும் இரும்புத் தடுப்புகளும் வந்தன. சரக்கு முழுவதையும் ஒரே இரவில் இழந்த கடைக்காரர் அடுத்த முறை எப்படிக் கட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கட்டடங்களின் முகப்பு எப்படி வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கீழ்த்தளத்தில் ஒல்லியான வார்ப்பிரும்புத் தூண்கள் மேல்சுவரின் பாரத்தைத் தாங்கும், அதனால்தான் அவற்றுக்கு நடுவே அத்தனை பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்துச் சரக்கைக் காட்ட முடிந்தது. மேலே கார்னிஸ் எனப்படும் கூரையோர அலங்காரப் பட்டை, பார்த்தால் கல்லில் செதுக்கியது போல இருக்கும், பல கட்டடங்களில் அது துத்தநாகம் பூசிய தகரம். செயின்ட் லூயிஸில் மெஸ்கர் சகோதரர்கள், எவன்ஸ்வில்லில் ஜார்ஜ் மெஸ்கர் என்று இரண்டு நிறுவனங்கள் முழு முகப்பையும் படம் போட்ட விலைப்பட்டியல் வழியாகவே விற்றன. கடைக்காரர் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து எழுதிப் போட்டால் துண்டு துண்டாக ரயிலில் வந்து இறங்கும், உள்ளூர் ஆட்கள் பொருத்துவார்கள். தூணின் அடியில் அதை வார்த்த இரும்புப் பட்டறையின் பெயர் இருக்கும், இன்றும் குனிந்து பார்த்தால் படிக்கலாம். பக்கவாட்டுச் சுவர்களோ ஒரு அலங்காரமும் இல்லாத மொட்டைச் செங்கல், காசெல்லாம் தெருப்பக்கம்தான். மாடியில் வக்கீல், பல் மருத்துவர், சங்கக் கூடம் என்று வாடகைக்கு விடுவார்கள்.

சரி, இவை ஏன் இடிபடாமல் தப்பின? உங்கள் கட்டுரை அழகான பராமரிப்பைப் பாராட்டுகிறது, ஆனால் பெரும்பாலான ஊர்களைக் காப்பாற்றியது வறுமைதான். ஆரிகனின் ஜாக்சன்வில்லை 1884இல் ரயில் பாதை ஒதுக்கிவிட்டு மெட்ஃபோர்ட் வழியாகப் போனது, வியாபாரமும் அங்கே போய்விட்டது. ரயில் வரும் என்று நம்பி வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்சென்டில் துறைமுகத் தெரு நெடுகக் கட்டினார்கள், எதிர்பார்த்தபடி ரயில் வரவில்லை, 1893இன் பொருளாதார நெருக்கடி மிச்சத்தையும் முடித்துவிட்டது. அதே ஆண்டு மத்திய அரசு வெள்ளி வாங்கும் சட்டத்தை ரத்து செய்ததில் வெள்ளிச் சுரங்கத்தை நம்பியிருந்த கொலராடோவின் லெட்வில் போன்ற ஊர்கள் படுத்தன. இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லை, அதனால் பழையது அப்படியே நின்றது. வர்ஜீனியா சிட்டியும் டெட்வுட்டும் 1961லும், ஜாக்சன்வில் 1966லும் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. டெட்வுட்டில் 1989இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கி அந்த வருமானத்தில் கட்டடங்களைப் பழுதுபார்க்கிறார்கள். அது நல்லதா என்று எனக்குக் கேள்வி உண்டு, முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றினால் மிஞ்சுவது என்ன?

இன்னொன்றையும் கட்டுரை விட்டுவிட்டது. டெட்வுட் எழுந்ததே, அமெரிக்க அரசு செய்துகொண்ட 1868 ஒப்பந்தப்படி லகோட்டா என்ற பூர்வகுடி மக்களுக்கு உரிய நிலத்தில். அங்கே ஒரு சீனக் குடியிருப்பும் இருந்தது, ஃபீ லீ வோங் என்ற சீன வியாபாரியின் கடை ஊரில் பெயர் பெற்றது. விங் சூ என்ற அந்தக் கடையின் கட்டடத்தை 2005இல் இடித்துவிட்டார்கள். சட்டப் பாதுகாப்பு இருக்கிற ஊரிலேயே இது நடந்திருக்கிறது, யாருடைய கட்டடம் காப்பாற்றப்படுகிறது என்பதையும் வரலாறாகத்தான் நாம் படிக்க வேண்டும்.

அடுத்த முறை இப்படிப் படங்கள் போடும்போது, கட்டடம் எந்த ஆண்டு, என்ன கடைக்காகக் கட்டியது என்று படக்குறிப்பில் ஒரு வரியாவது சேருங்கள். ஆண்டைத் தேடி அதிகம் அலைய வேண்டியதில்லை, பல கட்டடங்களில் கார்னிஸின் நடுவிலேயே எழுதியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்