செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: காகிதக் கைவினைச் சங்கம், திருச்சிராப்பள்ளி

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமையிலும் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். ஓராண்டுக்குச் சங்கப் பணத்தில் புதுத் தாள் வாங்குவதில்லை, வீடுகளில் கிடப்பதையும் ஊரில் வீணாவதையும் வைத்து வேலை செய்வோம் என்பது அது. கை தூக்கியவர்களில் பாதிப்பேர் அரை மனதோடுதான் தூக்கினார்கள். தாள் பட்டைகளைச் சுருட்டி உருவம் செய்யும் குவில்லிங்காரர்களுக்கு வருத்தம், தாளை மடித்தே உருவம் செய்யும் ஓரிகாமிக்காரர்களுக்கு அதைவிட வருத்தம். தீர்மானம் தாக்குப்பிடித்தது. உறுப்பினர்களின் பரண்களில் இருந்து இறங்கிய தாளே இன்னும் தீரவில்லை. அந்தத் தாள் என்ன ரகம், எதைத் தாங்கும், எதற்கு ஆகாது என்று கண்டுபிடிப்பதில்தான் ஆண்டின் பெரும்பகுதி போனது. இந்த அறிக்கையும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

முதலில், மிச்சத் தாள்களைக் கொடுக்கவும் எடுக்கவும் வைத்த பகிர்வு அலமாரி. ஜூனில் கொண்டுவந்து கொட்டிய தாள்களை யாரும் தொடவில்லை. என்ன தாள் என்று தெரியாமல் எடுத்து, பாதி வேலையில் மடிப்பு வெடித்தால் யாருக்குத்தான் மனசு வரும்? அதனால் ஒவ்வொரு கட்டுக்கும் சீட்டு ஒட்டத் தொடங்கினோம். கனம், கிரெயின் (அதாவது தாளின் இழைகள் ஓடும்) திசை, மேலே பிளாஸ்டிக் படலம் உண்டா, நனைத்தால் சாயம் போகுமா என்று நாலே விவரம். சீட்டு ஒட்டிய பிறகு அலமாரி காலியாகத் தொடங்கியது.

கனம் பார்க்கும் முறையைப் புது உறுப்பினர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். தாளை 10 சென்டிமீட்டர் சதுரமாகப் பத்துத் துண்டு வெட்டி, கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசில் மொத்தமாக வையுங்கள். வரும் எடையைப் பத்தால் பெருக்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது, கிடைத்துவிடும். பத்துத் துண்டும் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான் கணக்கு. ஏ4 அளவில் இருந்தால் வெட்டவே வேண்டாம். பதினாறு ஏ4 சேர்ந்தது ஒரு சதுர மீட்டர் என்பதால், ஒரு தாள் 5 கிராம் என்றால் அது 80 ஜி.எஸ்.எம்.

கிரெயினுக்குத் தராசு வேண்டாம், தண்ணீர் போதும். சின்னத் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்தால் அது சுருளும். சுருளுக்குள் ஒரு பென்சிலைச் செருகினால் பென்சில் காட்டும் திசைதான் கிரெயின். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் கனமான அட்டை வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். பெட்டி செய்பவர்கள் இதைப் பார்க்காமல் பசை மேல் பழி போடுவதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்.

அலமாரியில் அதிகம் சேர்ந்தது கல்யாணப் பத்திரிகை. பெரும்பாலும் 250 முதல் 300 ஜி.எஸ்.எம். வரை வரும் நல்ல அட்டை. ஆனால் பிள்ளையார் படத்தில் கத்தரி வைக்க யாருக்கும் கை வரவில்லை. படங்களை முதலிலேயே தனியாகப் பிரித்துவிடுவது என்று வழக்கம் வைத்துக்கொண்டோம். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அவற்றை எல்லாம் வாங்கிக்கொண்டு போய்ப் புத்தக அடையாள அட்டை செய்கிறார். படலம் ஒட்டிய பத்திரிகையைக் கிழித்தால், கிழியும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் இழுபடும். அது கூழாகாது, பெட்டிக்கும் எழும்பும் வாழ்த்து அட்டைக்கும்தான் ஆகும். படலம் இல்லாததைக் கூழுக்கு ஊற வைக்கலாம். மஞ்சள் தடவிய மூலையை மட்டும் வெட்டிவிட வேண்டும். சலவை சோடா மிச்சம் இருக்கும் கூழில் அது விழுந்தால் சிவப்புத் திட்டாக மாறிவிடும். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தச் சிவப்புக்காகவே இப்போது மூலைகளைச் சேர்த்து வைக்கிறார்கள். அது அவர்கள் இஷ்டம்.

அடுத்து சோப்பு, பற்பசை, மருந்து வரும் அட்டைப் பெட்டிகள். இந்த வகைப் பூச்சு அட்டை நம் மாவட்டத்திலேயே, மணப்பாறைப் பக்கம் மொண்டிப்பட்டியில், தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் இரண்டாவது ஆலையில் தயாராகிறது. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பான பக்கம் பசையை நன்றாக வாங்கும், போஸ்டர் கலரையும் வாங்கும். பெட்டியைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பி மடித்தால் கடையில் வாங்கிய அட்டை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அட்டை நான் பார்த்ததில்லை.

வாழை நார்த் தாள்தான் இந்த ஆண்டின் பெரிய வேலை. வாழைக்குத் திருச்சியில் பஞ்சமா? முசிறி, தொட்டியம் பக்கம் தார் வெட்டிய பிறகு மரம் தோட்டத்திலேயே சாய்ந்து கிடக்கும். தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993 முதல் இங்கே இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஜப்பான் தாளுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

செய்முறையை முழுதாகச் சொல்லவில்லை, சிக்கலான இடங்களை மட்டும் சொல்கிறேன். மட்டையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக வெட்டியே ஆக வேண்டும். நீளமாக விட்டால் மிக்ஸி பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டாரைக் காலி செய்யும். சலவை சோடாப் போட்டு வேக வைக்கும்போது எவர்சில்வர் பாத்திரம்தான். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். வெந்ததைக் கையில் வழவழப்பு போகும் வரை அலச வேண்டும். பிறகு மரக்கட்டையால் அடித்து, நிறையத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தோம். வாழை நாரை மட்டும் வைத்து எடுத்த தாள் திரிதிரியாக வந்தது. பழைய ஏ4 தாள் கூழைச் சரிபாதி கலந்த பிறகு தாள் பிடித்துக்கொண்டது. கொசுவலை அடித்த மரச்சட்டத்தில் அள்ளி, பழைய வேட்டியில் கவிழ்த்து, பலகை வைத்து அழுத்திக் காய வைத்தோம். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காய வைத்தவர்களுக்கு ஒரு பக்கம் வழவழப்பாக வந்தது.

அந்தத் தாளில் பேனா வைத்தால் மை பரவும். எதிர்பார்த்ததுதான், கஞ்சி போடாத தாளில் அப்படித்தான் ஆகும். அரிசிக் கஞ்சி, புளியங்கொட்டைப் பசை இரண்டையும் நீர்க்கக் கரைத்துப் பூசிப் பார்த்தோம். கஞ்சி பூசியதில் எழுத முடிகிறது, புளியங்கொட்டை பூசியது கொஞ்சம் பழுப்பேறினாலும் விறைப்பாக நிற்கிறது. விளக்குக் கூண்டுக்கு எதுவும் பூசாததே அழகு. உள்ளே பல்பு எரிந்தால் ஒவ்வொரு நாரும் தெரிகிறது.

கரும்புச் சக்கையைப் பற்றியும் கேட்பீர்கள். கரூர் மாவட்டத்துக் காகிதபுரம் ஆலையில் சக்கையில் இருந்துதானே தாள் வருகிறது, நாமும் செய்தால் என்ன என்று சாறு கடையில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள் இளைஞர் அணியினர். சக்கையில் நாரோடு பஞ்சு மாதிரி ஒரு சோறு உண்டு. ஆலையில் அதை இயந்திரத்தால் முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். நம்மால் கையால் பிரிக்க முடியவில்லை. வந்த தாள் அப்பளம்போல நொறுங்கியது. கரும்பின் இழை இயல்பிலேயே குட்டை என்பதும் ஒரு காரணம். மறுபடி முயல வேண்டாம் என்பது என் கருத்து, இளைஞர் அணிக்கு வேறு கருத்து இருக்கிறது.

புதுப் பொருள் என்று தேடிக்கொண்டே இருந்ததில், நம் வீட்டுப் பழைய பொருள் ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் உறுப்பினர் காகிதக் கூழ்க் கூடை செய்து காட்டினார். செய்தித்தாளைச் சில நாள் ஊற வைத்து, ஊறிய வெந்தயத்தோடு கிரைண்டரில் அரைத்து, கவிழ்த்த குடத்தின் மேல் ஈரத்துணி போட்டு, அதன் மேல் விரல் கனத்துக்குத் தட்டி வெயிலில் காய வைப்பார். அவருடைய அம்மா ஆட்டுக்கல்லில் அரைத்தாராம். வெந்தயமே பசையாகிவிடுவதால் ஃபெவிகால் தேவையில்லை. கசப்புக்குப் பூச்சி வராது என்பது பெரியம்மாவின் கட்சி. கொடுத்த கூடையில் எனக்கு இதுவரை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரைண்டர் கொடுத்த அக்கா, இரண்டு வாரம் வீட்டு இட்லியில் வெந்தய வாசனை வந்ததாகச் சபையில் பதிவு செய்யச் சொன்னார். பதிவு செய்துவிட்டேன்.

ஓரிகாமிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சமையலறை அலுமினியத் தாளின் இருபுறமும் மெல்லிய டிஷ்யூ தாளை நீர்த்த பசையால் ஒட்டினால், மடித்த இடத்தில் அப்படியே நிற்கும் தாள் கிடைக்கிறது. பூச்சி, வண்டு, காக்கை மாதிரி கால் மெலிந்த உருவங்களுக்கு இதுதான் சரி. கொக்குக்கு வேண்டாம், மடிப்பைத் திருத்தினால் சுருக்கம் போகாது.

வேண்டவே வேண்டாம் என்று முடிவானவை இரண்டு. பேப்பர் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, கூழில் அது சவ்வாக மிதக்கும். கடை பில், ஏ.டி.எம். சீட்டு மாதிரி சூடு பட்டால் கறுக்கும் தாள்களில் பிஸ்ஃபீனால் வகை ரசாயனம் இருப்பதுண்டு. பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் அது கூடாது.

இனி பழைய வரைபொருள்கள். வாட்டர்கலர் வில்லை காய்ந்து வெடித்திருந்தாலும் கெட்டுப்போனது இல்லை. பொடித்துத் தண்ணீரும் ஒரு சொட்டு கிளிசரினும் விட்டால் எழுந்து வந்துவிடும். அக்ரிலிக் காய்ந்தால் காய்ந்ததுதான். போஸ்டர் கலரை மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், நாற்றம் வந்தால் குப்பைக்கு. நீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாக்களில் பல, முனையைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் வைத்தால் எழுதின. எனாமல் பெயின்ட் பழைய டப்பாக்களை இனி வாங்க மாட்டோம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது?

அலமாரியில் முதலில் ‘ஒன்று வைத்தால் ஒன்று எடுக்கலாம்’ என்று எழுதிப் போட்டிருந்தோம். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள், அவர்களிடம் வைக்க என்ன இருக்கிறது? ஆகஸ்டில் செயற்குழு அந்தப் பலகையைக் கழற்றியது. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. அப்படி நடக்கவில்லை. எடுத்தவர்களைவிடக் கொடுப்பவர்கள்தான் தொல்லை தந்தார்கள். ஓர் அலுவலகம் மூட்டை மூட்டையாகப் பழைய கோப்புகளை இறக்கிவிட்டுப் போனது. பிரித்தால் உள்ளே யார் யாருடைய ஆதார் நகல், கைப்பேசி எண், கையெழுத்து. அவற்றை அலமாரியில் வைக்க முடியுமா? பொருளாளரும் நானும் உட்கார்ந்து பிரித்து, முழுவதையும் அன்றே ஊற வைத்தோம். தாள்களில் குத்தியிருந்த ஊசிகளை எடுப்பதற்குள் விரல் புண்ணாகிவிட்டது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அறையின் மேற்குச் சுவர் ஓதம் காத்தது. இராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை என்றால் விருந்து. பசையில் மயில்துத்தம் கலக்கலாம், பைண்டிங் கடைகளில் வழக்கம்தான். ஆனால் அது விஷம், பிள்ளைகள் புழங்கும் இடத்தில் நான் சம்மதிக்க மாட்டேன். இப்போதைக்கு வசம்பும், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்த இரும்பு அலமாரியும்.

கணக்கைப் பொருளாளர் படிப்பார். தாள் செலவு இல்லாததால் மிச்சமானதில் தராசும், மரச்சட்டங்களும், பெரிய எவர்சில்வர் பாத்திரமும் வாங்கினோம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். கோடை விடுமுறைப் பயிற்சி நன்றாக நடந்தது, கொலுவுக்குக் காகிதக் கூழ் பொம்மைப் பயிற்சி ஆள் சேராமல் நின்றுபோனது.

வாக்கெடுப்புக்கு மூன்று தீர்மானங்கள் வைக்கிறேன். புதுத் தாள் வாங்குவதில்லை என்பதை இன்னோர் ஆண்டு நீட்டிப்பது, குவில்லிங் பட்டைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து. பெயரோ எண்ணோ உள்ள கோப்புகளை நிறுவனங்களிடம் இருந்து வாங்குவதில்லை என்பது. மூன்றாவது, கரும்புச் சக்கைக்கு இன்னொரு வாய்ப்புத் தரும் தீர்மானம். இளைஞர் அணி எழுதிக் கொடுத்ததால் வைக்கிறேன், நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். சோற்றைப் பிரிக்க அவர்கள் ஒரு சல்லடை செய்து எடுத்து வந்திருக்கிறார்கள், பின் வரிசை மேசையில் இருக்கிறது. ஓட்டுக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.