நிறுவனத் தகவல்: கையில் கிடைப்பது வேறு, நீதிமன்றத்தில் நிற்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நிறுவனத்தைப் பற்றி அறிய வேண்டிய அனைத்தையும் இன்று எவரும் இருந்த இடத்திலிருந்தே சில நிமிடங்களில் அறிந்துகொள்ளலாம் என்று தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரை ஒன்று கூறியிருந்தது. முதலீடு செய்பவருக்கும் வேலை தேடுபவருக்கும் அது ஓரளவு பொருந்தலாம். பல ஆண்டுகளாக வணிக வழக்குகளையே நடத்திவரும் எனக்கு அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. வழக்குத் தொடுப்பவருக்குத் தேவையானவை பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில் கிடைப்பதில்லை. கிடைத்தவையும், எதிர்த்தரப்பு வழக்குரைஞர் எழுந்து ‘இதை யார் சொன்னது, எப்போது சொன்னது?’ என்று கேட்டவுடன் ஆட்டம் கண்டுவிடுகின்றன.

நான் ஜூனியராக இருந்த காலத்தில், சரக்கு அனுப்பிப் பணம் வராத ஒரு கட்சிக்காரருக்காக வழக்குரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவர் கொண்டுவந்த கோப்பிலிருந்த கடிதங்கள் எல்லாவற்றின் தலைப்பிலும் ஒரே வணிகப் பெயர் பெரிய எழுத்தில் இருந்ததால், அதையே பிரதிவாதியாகப் போட்டுவிட்டேன். அந்தப் பெயரில் இரண்டு நிறுவனங்கள் இருந்தன: ஒன்று பழைய கூட்டாண்மை நிறுவனம், மற்றொன்று அதே குடும்பத்தார் பின்னாளில் தொடங்கிய தனியார் லிமிடெட் நிறுவனம். இரண்டுக்கும் ஒரே முகவரி, ஒரே சின்னம். சரக்கை வாங்கியது இரண்டாவது. கொள்முதல் ஆணையின் கடைசிப் பக்கத்தில், கையொப்பத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் அதன் முழுப் பெயரும் பதிவு எண்ணும் அச்சாகியிருந்ததை எதிர்த்தரப்பின் பதிலுரை வந்த பிறகுதான் பார்த்தேன். பிரதிவாதியை மாற்ற மனுப் போட்டபோது, காலவரம்பு கடந்துவிட்டது என்ற வாதத்தை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. என் சீனியர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாளை எடுத்து, கடைசி வரியின் கீழ் பென்சிலால் ஒரு கோடு போட்டு, என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்றும் எந்தக் கோப்பு வந்தாலும் தாளின் தலையைப் பார்ப்பதற்கு முன் அடியைத்தான் பார்க்கிறேன்.

இது வெறும் எழுத்தர் வேலை அன்று. அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1896இல் சாலமன் வழக்கில் அளித்த தீர்ப்பிலிருந்து, நிறுவனம் என்பது தன் உரிமையாளரிடமிருந்து வேறான ஒரு தனி நபர் என்பது உறுதிப்பட்ட சட்டம். அந்த வழக்கில் 20,007 பங்குகளில் 20,001 பங்குகளை ஒருவரே வைத்திருந்தார். அப்படியிருந்தும் நிறுவனத்தின் கடன் அவருடைய கடன் ஆகாது என்றே தீர்ப்பானது. ஆகவே யார் மீது வழக்கு என்பதைப் பெயரைக்கொண்டு ஊகிப்பது எப்போதும் ஆபத்தானது. பெயர் மாறும், கைமாறும், இன்னொருவரும் அதேபோல் வைத்துக்கொள்வார்; பதிவு எண் மட்டும் பெரும்பாலும் பிறந்த நாள் முதல் கலைப்பு வரை கூடவே வரும். அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2008இல் வீழ்ந்தபோது, அதன் எந்தத் துணை நிறுவனம் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை ஒழுங்குமுறை அமைப்புகளால் விரைந்து கண்டறிய இயலவில்லை. எழுத்தும் எண்ணுமாக 20 இலக்கங்கள் கொண்ட உலகளாவிய அடையாளக் குறியீடு ஒன்று உருவாக அதுவும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் நிதிச் சந்தையில் புழங்கும் நிறுவனங்கள்தாம் பெரும்பாலும் அதைப் பெற்றிருக்கின்றன. சிறிய நிறுவனங்களுக்கு அந்தந்த நாட்டின் பதிவு எண்ணே கதி.

சரியான நிறுவனத்தைக் கண்டுபிடித்து, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசுப் பதிவாளரின் ஏட்டைத் திறந்தோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருப்பது பதிவாளர் விசாரித்து அறிந்த உண்மை என்று பலர், இளம் வழக்குரைஞர்கள் உட்பட, நம்புகிறார்கள். பெரும்பாலான பதிவேடுகளில் இருப்பது நிறுவனம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொடுத்தது. பிரிட்டனின் பதிவேடு 2015 முதல் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி திறந்துவிடப்பட்டது. 25 விழுக்காட்டுக்கு மேல் பங்கோ வாக்குரிமையோ வைத்திருப்பவர்களின் விவரமும் 2016 முதல் அதில் சேர்ந்தது. அவ்வளவு வெளிப்படையான ஏட்டிலும்கூட, படிவம் முறைப்படி நிரப்பப்பட்டிருந்தால் அதன் உள்ளடக்கத்தைக் கேள்வி கேட்கும் அதிகாரம் பதிவாளருக்கு மிகக் குறைவாகவே இருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2024 மார்ச்சில்தான் ஐயத்துக்குரிய தகவலை மறுக்கும் அதிகாரம் அவருக்கு வந்தது. இயக்குநர்கள் தம் அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் 2025 நவம்பரில்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பதிவுகளை நாம் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். பதிவேடு ஒரு சாட்சி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் எவரும் விட்டுவிடுவதில்லை.

தேதி என்ற ஒன்றையும் கட்டுரை தொடவே இல்லை. கடன் வாங்கும் நிறுவனம் தன் சொத்தின் மீது வங்கிக்கு ஏற்படுத்தித்தரும் ஈட்டுப் பொறுப்பை, அதாவது நாங்கள் சார்ஜ் என்று சொல்வதை, பதிவு செய்தாக வேண்டும். அதற்குப் பிரிட்டனில் 21 நாள், இந்தியாவில் 30 நாள் பொதுவான கெடு. கெடுவுக்குள் பதிவாகிவிட்டால் அது செல்லும்; எப்படியும் பதிவாகாமலே போனால் நிறுவனத்தைக் கலைக்கும்போது அந்தப் பொறுப்பைக் கலைப்பாளர் ஏற்க வேண்டியதில்லை. இதன் பொருள் என்னவென்றால், நான் இன்று காலை தேடி, சொத்தின் மீது எந்தப் பொறுப்பும் இல்லை என்று, அதை ஈடாகப் பெற்றுக் கடன் தரவிருக்கும் கட்சிக்காரருக்குக் கடிதம் எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் கையெழுத்தான அடமானம் ஒன்று நாளை மறுநாள் ஏட்டில் ஏறுகிறது. அது எங்களைவிட முன்னுரிமையோடு நிற்கிறது. காலைத் தேடலில் தவறு ஏதும் இல்லை. அன்று அது வெற்றிடமாகத்தான் இருந்தது. எனவேதான் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் ஒருமுறையும், கெடு கழிந்த பின் மீண்டும் ஒருமுறையும் தேடுவதை வழக்கமாக வைத்திருக்கிறோம்; இதைக் காசு பறிக்கும் வேலை என்று நினைக்கும் கட்சிக்காரர்களும் உண்டு.

பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களைப் பொறுத்தவரை நிலைமை மேலானது என்பதை மறுக்கவில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் ஆண்டறிக்கையோடு துணை நிறுவனங்களின் பட்டியலும் முக்கிய ஒப்பந்தங்களின் நகல்களும் இணைப்பாகக் கிடைக்கின்றன. முக்கிய நிகழ்வு நேர்ந்தால் பொதுவாக நான்கு வேலை நாளுக்குள் அறிவித்தாக வேண்டும். ஆனால் அங்கேயும் வாசிக்கத் தெரிந்தவருக்கே பலன். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 டிசம்பரில் திவால் மனு அளித்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அது தாக்கல் செய்த ஆண்டறிக்கையின் 16ஆம் குறிப்பில், தன் மூத்த அதிகாரி ஒருவர் நடத்தும் கூட்டாண்மைகளோடு தான் செய்துகொண்ட கொடுக்கல் வாங்கல்களைப் பற்றி எழுதியிருந்தது. மொழி முறுக்கலானது, ஒரு முறை படித்தால் விளங்காது. இருந்தாலும் அது எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது. நான் இருப்புநிலைக் குறிப்பைப் பின்பக்கத்திலிருந்து படிப்பவன்: கணக்குகள் மீது தணிக்கையாளர் எழுதிய ஆட்சேபக் குறிப்புகள், நிலுவை வழக்குகள், தொடர்புடைய தரப்பினரோடு நடந்த பரிவர்த்தனைகள், அதன் பின்னரே இலாப நட்டம்.

நிறுவனத்துக்குப் பின்னால் இருக்கும் மெய்யான உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு வந்தால், கதவுகள் திறப்பதைவிட மூடுவதே அண்மைக்காலப் போக்கு. 2022 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், உரிமையாளர் பதிவேட்டைப் பொதுமக்கள் அனைவரும் பார்க்கலாம் என்ற விதியைத் தனிமனித அந்தரங்க உரிமையின் பெயரால் செல்லாததாக்கியது. அமெரிக்காவோ 2025 மார்ச்சில் தன் நாட்டு நிறுவனங்களுக்கு, மெய்யான உரிமையாளரை அரசுக்கு அறிவிக்கும் கடமையிலிருந்தே விலக்களித்துவிட்டது. எல்லாம் சில நிமிடங்களில் கிடைக்கும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவலாயிருக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கட்டுரை புகழ்ந்திருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாத தீர்ப்புகளை அத்தகைய கருவி சொன்னபடி மனுவில் எழுதியதற்காக நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2023இல் வழக்குரைஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. தீர்ப்பையே கற்பனை செய்யும் கருவிக்கு இயக்குநர்களின் பட்டியல் எம்மாத்திரம்? எங்கே தேடலாம் என்று வழி கேட்க அதைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதன் பதிலை மனுவில் ஏற்றுவதற்கு முன் மூல ஆவணத்தின் சான்றிட்ட நகல் மேசைக்கு வந்தாக வேண்டும்.

முடிவாக, தங்கள் நாளிதழிடமே ஒரு வேண்டுகோள். வணிகச் செய்திகளில் ‘இன்ன குழுமம் கடன் வாங்கியது’, ‘இன்ன குழுமத்தின் மீது வழக்கு’ என்று எழுதுகிறீர்கள். குழுமம் என்ற பெயரில் பொதுவாக எவரும் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதில்லை. அதனிடம் நீதிமன்ற அழைப்பாணையையும் சேர்ப்பிக்க முடியாது. கடன் வாங்கியதும் வழக்கில் நிற்பதும் அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு நிறுவனம். செய்தியில் ஓரிடத்திலாவது அதன் பதிவு செய்யப்பட்ட முழுப் பெயரை அச்சிட்டால், தங்கள் பழைய இதழ்களைப் புரட்டும் வழக்குரைஞர்களுக்கு அந்த ஒரு வரி பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
வழக்குரைஞர் ஒருவர்