மதகடி வளைவுக்கு முதலில் விளக்கைப் போடுங்கள்

பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மதகடி வளைவில் தெருவிளக்குகள் எரியாததும், அதற்காக ஊர்மக்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். சென்ற மாதக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவைக் கேட்ட பிறகே இதை எழுதுகிறேன். அந்த இடத்தில் மின்சாரம் தயாரிக்கும் வேகத்தடை அமைக்கப் போகிறீர்களாம். வண்டிகள் ஏறும்போது அதிலுள்ள தகடு அழுந்தி, அதிலிருந்து வரும் மின்சாரத்தில் விளக்கு எரியுமாம். அதுவரை பழைய விளக்குகளில் கை வைக்க மாட்டீர்களாம்.

தை அறுவடையில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். களம் இல்லாத விவசாயி தார்ச்சாலையில் கொட்டித்தான் காயவைக்கிறார். இரவில் குவித்து, தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் கருங்கல்லை வைத்துவிட்டுப் போகிறார். அவர் வேறு எங்கே போவார்? கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் எங்கள் தெருக்காரர் ஒருவர், வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது அந்தக் கல்லில் ஏறி விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்குத் தோள் போனால் என்ன மிஞ்சும்? சம்பா கொள்முதல் முழுக்க அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் வருடத்தின் பெரிய வருமானமே அந்தச் சில வாரங்கள்தான். ஒரு விளக்கு எரிந்திருந்தால் அவர் கல்லைப் பார்த்திருப்பார்.

பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் உங்கள் திட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1000 கிலோ எடையுள்ள கார் 10 சென்டிமீட்டர் உயரத் தகட்டை அழுத்தி இறங்கினால் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 980 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். அதாவது துளியும் வீணாகாமல் பிடித்தாலே ஒரு யூனிட்டுக்கு 3,600 கார்களுக்கு மேல் வேண்டும். 60 வாட் எல்இடி விளக்குகள் பத்து, இரவு 12 மணி நேரம் எரிய 7.2 யூனிட் தேவை. அதற்குத் தினமும் 26,000 கார்களுக்கு மேல் அந்த வளைவைக் கடக்க வேண்டும். நம் சாலையில் போவது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள். ஆளோடு சேர்த்து 200 கிலோ என்றால், காரில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். எந்திரத்தில் உராய்வாகப் போவதை இன்னும் கழிக்கவே இல்லை.

அந்தக் கொஞ்ச மின்சாரமும் சும்மா வருவதில்லை. தகட்டின் மேல் ஏற வண்டி கூடுதலாக எண்ணெய் எரிக்க வேண்டும். எண்ணெயின் வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற முடியாது என்று பிரெஞ்சு விஞ்ஞானி சாடி கார்னோ 1824-லேயே காட்டிவிட்டார். பெட்ரோல் எஞ்சினில் கால்வாசிக்குச் சற்று மேல்தான் வேலையாகிறது, மற்றதெல்லாம் சூடாகப் போய்விடுகிறது. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்காரரின் டீசலில் தெருவிளக்கு எரிப்பது எந்த வகையில் சிக்கனம்? வளைவில் எப்படியும் பிரேக் போடத்தானே வேண்டும், வீணாகும் ஆற்றலைத்தானே எடுக்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அப்படியே வைத்துக்கொண்டாலும் கிடைக்கும் அளவு மேலே சொன்னதுதான்.

ஓடும் வண்டியின் ஆற்றலை மீட்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 12 டன் பேருந்து 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது, ஏறத்தாழ மூன்றில் ஒரு யூனிட் பிரேக்கில் சூடாகிப் போகிறது. ஆயிரம் கார்கள் உங்கள் வேகத்தடையில் ஏறினாலும் அவ்வளவு வராது. மின்சாரப் பேருந்தில் பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் கணிசமான பங்கை பேட்டரிக்குத் திருப்பிவிடும். சென்னை மெட்ரோ ரயிலும் இப்படித்தான் மீட்கிறது. ஆற்றலை வண்டிக்குள்ளேயே பிடிக்க வேண்டும், சாலையில் அல்ல. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் ஊருக்கு ஊர் நின்று நின்று போகும் நம் பேருந்துகளை மின்சாரப் பேருந்துகளாக மாற்றக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள், முதல் ஆளாகக் கைதட்டுகிறேன். மூலிகைப் பெட்ரோலை நம்பி ஏமாந்த மாநிலம் இது. விஞ்ஞானம் என்று யார் எதைச் சொன்னாலும் ரிப்பன் வெட்டக் கிளம்புகிறோம், பக்கத்துப் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். மதகடி வளைவுக்கு விளக்கு வேண்டும். பழுதான விளக்குகளைக் கழற்றி எல்இடி மாட்டினால் போதும். புதுமையாகத்தான் செய்ய வேண்டும் என்றால், பேரூராட்சிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் 2 கிலோவாட் சூரியத் தகடு வையுங்கள். நம் வெயிலில் கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் வரும், அந்தப் பத்து விளக்குக்குக் கணக்கு சரியாகிவிடும். வேகத்தடைத் தீர்மானத்தைத் தயவுசெய்து நிறுத்திவையுங்கள். என் கணக்கில் தவறிருந்தால் மன்றக் கூட்டத்திலேயே கேளுங்கள், வந்து விளக்குகிறேன். குறுவை அறுவடைக்கு நெல் சாலைக்கு வருவதற்குள் அங்கே விளக்கு எரிய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மதகடித் தெருவாசி ஒருவர்