தடுப்பூசிப் புத்தகம் இல்லாமல் வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இதே பகுதியில் வாசகர் ஒருவர், மாட்டுக்குத் தீவனம் வாங்க வழியில்லாத ஊரில் நாய்க்கு விடுதி கட்டுகிறார்கள், காலம் கெட்டுவிட்டது என்று எழுதியிருந்தார். சென்னையிலிருந்து குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த கல்லூரித் தோழிதான் அந்தக் கடிதத்தைத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு, "உன்னத்தான்டி சொல்றாரு" என்று சிரித்தாள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார். பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, எங்கள் தென்னந்தோப்பில் நாய் விடுதி நடத்துகிறேன். மாடும் வைத்திருக்கிறேன், அவை பட்டினி கிடக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாசகர் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்வேன். எங்கள் அப்பாரு காலத்தில் நாய்க்கு விடுதி என்றால் ஊரே கை கொட்டிச் சிரித்திருக்கும். நாய் களத்துமேட்டில் கிடந்தது. நோம்பிக்கு வீட்டோடு ஊருக்குப் போனால் பண்ணையத்து ஆள் ஒரு கை சோறு வைத்தார். அவர் மறந்தால் அடுத்த தோட்டத்துக்காரர் வைத்தார். இன்று அந்தத் தோட்டம் மனைப்பிரிவாகிவிட்டது. அடுத்த தோட்டத்துக்காரரின் பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். என்னிடம் நாயைக் கொண்டு வருகிறவர்கள் காரும் பங்களாவுமாக இருப்பவர்கள் என்று அந்த வாசகர் நினைத்திருப்பார் போலிருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் போகும் ஓய்வுபெற்ற டீச்சர், கூடையில் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் புருஷன் பெண்டாட்டி, ஊரில் ஒரு சாவு என்றதும் ராத்திரியோடு ராத்திரியாக டூவீலரில் நடுவே லாப்ரடாரை உட்கார வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் ஆடம்பரத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

மாட்டுக் கட்டுத்தறியாக இருந்த ஓட்டுக் கொட்டகைதான் இப்போது விடுதி. ஒரு நாய்க்கு ஓர் அறை. ஒன்றின் முகம் மற்றதற்குத் தெரியாதபடி இடைச்சுவரை எழுப்பியிருக்கிறோம். தண்ணீர் தேங்காமல் ஓட தரைக்கு வாட்டம் வைத்து சிமெண்டு போட்டிருக்கிறது. வெளியே போக இரண்டு கேட். முதல் கேட்டைச் சாத்திக் கொண்டி போட்ட பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். வேலைக்கு வரும் ஆத்தாவுக்கு நான் கற்றுக்கொடுத்தது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தவை.

விடியும் முன்பே தோப்பில் மயில் அகவ ஆரம்பித்துவிடும். நம் பக்கம் மயில் எவ்வளவு பெருகிவிட்டது என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். ஒரு மயில் கூவினால் ஒரு நாய் குரைக்கும், அதைக் கேட்டு மீதி எல்லாம் குரைக்கும். முன்பு ஒரு முறை இங்கே ராத்தங்கிய தோழியின் வீட்டுக்காரர் போர்வையோடு வெளியே வந்து, "திருடனுங்களா?" என்று கேட்டார். மயில் என்றேன். "தினமுமா?" என்றார். ஆமாம் என்றதும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே விட வேண்டும். ஒத்துப்போகும் நாய்களை மட்டும் சேர்த்து விடுவோம். எது எவ்வளவு சாப்பிட்டது, எது தண்ணீர் குடிக்கவில்லை, எதன் மலம் இளகியிருக்கிறது என்று நோட்டில் எழுதுவேன். உடம்பு கெடப் போகிறது என்பதை நாய் அங்கேதான் முதலில் காட்டும். இதைக் காலைக் காப்பி நேரத்தில் விருந்தாளிகளிடம் விளக்கக் கூடாது. அறையைக் கழுவுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் அழுக்கை அள்ளி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து அலசிய பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசல். அழுக்கின் மேலேயே ஊற்றினால் அது வேலை செய்யாது. பினாயில் ஊற்றினால் வாசனை வரும், குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் கொண்டுவரும் பார்வோ கிருமி போகாது. ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி நெஞ்சு ஆழமான பெரிய நாய்களைத் தின்ற கையோடு ஓட விடுவதில்லை. இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். இதற்கிடையில் உண்ணி பார்க்க வேண்டும். காது மடல், விரல் இடுக்கு, வால் அடி என்று ஓர் இடம் விடாமல் பார்க்க வேண்டும். தோப்பில் மட்டை குவிந்து கிடந்தால் பாம்பு அடையும் என்பதால் அதையும் அன்றன்றைக்கே அகற்ற வேண்டும்.

புதிதாக வந்த நாய் முதல் ராத்திரி சோற்றைத் தொடாது. அந்த டீச்சரின் பொமரேனியனும் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. டீச்சர் கொடுத்துவிட்டுப் போன, துவைக்காத பழைய சேலைத் துண்டை எடுத்துக் கீழே போட்டேன். மோந்து பார்த்தது, முன்னங்காலால் இழுத்தது, மூன்று சுற்றுச் சுற்றி அதன் மேல் படுத்தது. விடிந்து பார்த்தால் தட்டு காலி. அதிலிருந்து எல்லாரிடமும் விலை உயர்ந்த மெத்தை வேண்டாம், நீங்கள் உடுத்திய துணியில் ஒன்றைத் துவைக்காமல் கொண்டு வாருங்கள் என்றே சொல்கிறேன்.

இனி விருந்தாளிகள் கதை. ஊரெல்லாம் லீவு என்றால்தான் நாய்கள் என்னிடம் வரும். அதே லீவுக்குத்தான் சிநேகிதர்களும் வருவார்கள். ஆழியாறு, மாசாணியம்மன் கோயில், நாற்பது கொண்டை ஊசி ஏறி வால்பாறை என்று பட்டியலோடு வருவார்கள். எல்லாவற்றுக்கும் நான் கூட வரவேண்டும் என்பார்கள். என்னால் டவுனுக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் வாங்கிவரக்கூட முடியாது. சமைத்துப் போடுவேன், சந்தகை பிழிவேன், ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து கதை பேசுவேன். அவ்வளவுதான். இதைக் கோபித்துக்கொள்ளாத சிநேகிதிகள் எனக்கு வாய்த்தது என் அதிர்ஷ்டம்.

வந்த அன்றைக்கு நாட்டுக்கோழிக் குழம்பு. சாப்பிட்டு முடித்த தோழியின் வீட்டுக்காரர் இலையை மடித்து எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார். ஆத்தாதான் பார்த்துவிட்டு, "அம்மிணி, அண்ணன் எலும்பக் கொண்டுட்டுப் போறாருங்க" என்று சத்தம் போட்டார். ஓடிப்போய்த் தடுத்தேன். "பாவம், பாத்துக்கிட்டே நிக்குதுங்க" என்றார் அவர். நல்ல மனசுதான். ஆனால் வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகச் சிம்பு விட்டு உடையும், குடலைக் குத்தும். எலும்பை எடுத்துவிட்டு வெறும் குழம்புச் சோறு வைக்கலாமே என்பார்கள் சிலர். நம் ஊர்க் குழம்பில் சின்ன வெங்காயம் இல்லாதது எது? வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட் எல்லாமே நாய்க்கு ஆகாதவை. பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் இதில் சேர்த்திதான்.

அதைவிடப் பெரிய சங்கடம் கூடவே வந்திருந்தது. வரும் வழியில் பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஒரு நாய்க்குட்டியை வாங்கிக் காரில் வைத்திருந்தார்கள். இரண்டு மாதம்கூட நிறையாத கோல்டன் ரெட்ரீவர். தடுப்பூசி போட்டாயிற்று என்று விற்றவர் வாயால் சொன்னதோடு சரி, புத்தகமும் இல்லை, சீட்டும் இல்லை. "உங்கிட்டதான் எடம் இருக்கே, இதையும் போட்டுக்கோ" என்றாள் தோழி. முடியாது என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளிடம் கேட்டில் நின்றுகொண்டு முடியாது என்று சொல்வது எனக்கும் சுலபமாக இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் நாயோடு வருகிறவர்களிடமும் இதையேதான் சொல்லப் போகிறேன். பார்வோ கிருமி உடம்பில் புகுந்த குட்டி ஒரு வாரம் போல நன்றாகவே ஓடி விளையாடும். வாந்தியும் ரத்தக் கழிச்சலும் அதற்கப்புறம்தான். நோய் வெளியே தெரியும் முன்பே மலத்தில் கிருமி வர ஆரம்பித்துவிடும். மண்ணில் விழுந்தால் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். செருப்பில் ஒட்டி அடுத்த அறைக்குப் போகும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஊசி தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியைப் பல குட்டிகளுக்கு வேலை செய்ய விடாது. ஒரு ஊசி போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியில் தோழியின் குடும்பம் குட்டியோடு டவுனில் என் சின்னம்மா வீட்டில் ராத்தங்கியது. பகலில் ஆட்கள் மட்டும் இங்கே வருவார்கள். சாலை கேட்டிலேயே செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, நான் வைத்திருக்கும் வேறு செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வர வேண்டும். "ஏன்டி, உன் வீட்டுக்குச் சாப்பிட வர்றதுக்கு நாங்களும் ஊசி போட்டுக்கணுமா?" என்று கேட்டாள். இரண்டாம் நாள் அவள் பிள்ளைகளே, வந்த பால்காரரை நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி, குட்டிக்குப் புதிதாக ஒரு புத்தகம் எழுதி வாங்கினோம். குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. "பாரு, சும்மா பயமுறுத்துன" என்றாள் கிளம்பும்போது. இருக்கட்டும்.

இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதக் காரணம், தீபாவளி வருகிறது. டிக்கெட் எடுத்துவிட்டு, ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது நாயோடு வந்து நிற்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். புத்தகம் எங்கே என்றால், "வீட்டுலயே வளருதுங்க, அதுக்கெதுக்கு ஊசி" என்பார்கள். பக்கத்து நீலகிரி மலை மேலேயே, குன்னூரில், 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்குப் பெயர் போன இடம். அப்படிப்பட்ட இடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் இப்படிக் கேட்கிறோம். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி, அப்புறம் வருடம் தவறாமல் ஒன்று. முந்தின நாள் போட்டுவிட்டு மறுநாள் கூட்டி வருவதில் பயன் இல்லை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏற இரண்டு வாரமாவது வேண்டும். ஆகவே இந்த மாதமே மருத்துவரைப் பாருங்கள்.

விடுதியை நேரில் போய்ப் பார்க்காமல் நாயை விடாதீர்கள். நாய் வளர்த்து விற்பவர்களுக்கு 2017-லும், செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-லும் மத்திய அரசின் விதிகள் வந்தன. எவ்வளவு விதி வந்தாலும், உங்கள் நாய் படுக்கப் போகும் அறையை உங்கள் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாகாது. உள்ளே விடமாட்டேன் என்கிற விடுதிக்காரரை, நானாக இருந்தாலும், நம்ப வேண்டாம். தண்ணீர்ப் பாத்திரம் காலியாக இருக்கிறதா, ஈ மொய்க்கிறதா, கேட் இரண்டா ஒன்றா என்று பாருங்கள். நாங்களும் உங்களிடம் சிலவற்றைக் கேட்போம். மறைக்காதீர்கள். கடிக்கும் நாயைக் கடிக்கும் என்று சொன்னால் போதும், திருப்பி அனுப்ப மாட்டேன். "ரொம்பச் சாதுங்க" என்று சொல்லி விட்டுப் போன நாய்கள்தான் ஆத்தாவின் கையில் தழும்பு போட்டிருக்கின்றன. வலிப்பு வரும் என்றால் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போங்கள். முடிந்தால் பண்டிகைக்கு முன் ஒரு சாதாரண நாளில் ஓர் இரவு மட்டும் விட்டுப் பாருங்கள். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பது அதற்குத் தெரிந்துவிட்டால், அடுத்த முறை முதல் ராத்திரியே சாப்பிட்டுவிடும்.

பட்டாசைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நாங்கள் சமாளித்துக்கொள்வோம். ஜன்னலைச் சாத்தி, மோட்டார் ஃபேனை ஓட விட்டு, கூடவே தரையில் உட்கார்ந்திருப்போம். நடுராத்திரியில் யாரோ ஒருவர் போடும் ஒற்றை ஆட்டம்பாமுக்குத்தான் நாய் கம்பியைக் கடித்துப் பல் உடைத்துக்கொள்கிறது, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. தீபாவளிக்கு மறுநாள் கழுத்துப்பட்டையோடு ஒரு நாய் சாலையில் திக்குத் தெரியாமல் ஓடினால் துரத்தவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து, பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவமனையில் இடத்தைச் சொல்லிவிடுங்கள். தேடி வருகிறவர்கள் முதலில் அங்கேதான் வந்து கேட்பார்கள்.

இப்படிக்கு,
நாய் விடுதி நடத்தும் வாசகி,
பொள்ளாச்சி வட்டம்.