பலகைக்கு ஆறு பக்கம்: பலகை, அறைகலன் உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., மரச்சிம்பை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, பிளைவுட் தயாரிப்பவர்களுக்கும், அவற்றை வாங்கி அலமாரி, மேசை என்று செய்து விற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்தப் பலகைகளுக்கு மேல்பூச்சு அடிப்பது என் தொழில். இப்போதெல்லாம் உங்கள் விளம்பரத்தில் பச்சை இலை படம் இல்லாமல் ஒரு பலகை விற்பனைக்கு வருவதில்லை. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்கிறீர்கள். சரி, இரண்டு முகம், நாலு விளிம்பு என்று ஆறு பக்கம் உள்ள பலகையில் எந்தப் பக்கத்தைச் சொல்கிறீர்கள்?

முன்பக்கத்தைப் பளபளவென்று முடித்துவிடுகிறீர்கள். பின்பக்கத்துக்குப் பல சமயம் ஒரு மெல்லிய காகிதம்தான். கீல் பொருத்தும் குழி, ஒயர் போக வெட்டிய ஓட்டை, தரையைத் தொடும் அடிவிளிம்பு, சுவரைப் பார்த்த விளிம்பு எல்லாம் வெட்டியபடியே பூச்சில்லாமல் கிடக்கின்றன. வாங்குபவர் கண்ணில் அவை படாது. ஆனால் காற்றுக்கும் ஈரத்துக்கும் அவைதான் வாசல்.

காரணம் உங்களுக்கே தெரியும். பெரும்பாலான பலகைகளில் இருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. சூடும் ஈரப்பதமும் கூடக்கூட அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவை வெளியே விடும். மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. முகப்பில் ஒட்டிய மெலமைன் தாள் இந்த வாயுவைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. விளிம்பில் தடுக்க ஒன்றுமில்லை. சூட்டில் அழுத்திச் செய்யும்போது எம்.டி.எஃப்.பின் இரண்டு முகமும் இறுகி, நடுப்பகுதி தளர்வாக நின்றுவிடுகிறது. முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்து மாதிரி நிற்கும். அதே சொட்டை வெட்டிய விளிம்பில் விட்டால் உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் உப்பும். காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. தண்ணீர் உள்ளே போகும் அதே வழியில்தான் வாயு வெளியே வருகிறது.

பூச்சுக்காரர்களுக்கும் தலைவலி இந்த விளிம்புதான். முதல் கோட் பிரைமர் (அடிப்பூச்சு) போன இடம் தெரியாது. நார் எழும்பி நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்க்க வேண்டும். அவசர வேலை என்றால் எல்லோரும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைத்தான் எடுக்கிறார்கள். சீக்கிரம் காயும், தேய்க்கவும் சுலபம். ஆனால் அடிக்கிற பதத்தில் அதில் பெரும்பகுதி தின்னர். பலகையில் தங்குவது கொஞ்சம், மிச்சமெல்லாம் அடிப்பவரின் மூச்சுக்கும் வெளிக்காற்றுக்கும் போகிறது.

இதைவிட எனக்குக் கோபம் வருவது அமிலம் கலந்து இறுக்கும் லாக்கரைப் பார்க்கும்போது. அதன் பிசினிலேயே யூரியாவோ மெலமைனோ சேர்ந்த ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. குறைந்த உமிழ்வுப் பலகை என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கி, அதன்மேல் இதை அடித்தால் பலகைக்குக் கொடுத்த காசு வீண். பலகைக்காரர் தன் சான்றிதழைக் காட்டுகிறார், அறைகலன்காரர் அதையே நகலெடுத்து ஒட்டுகிறார், பூச்சைப் பற்றி இருவருமே வாய் திறப்பதில்லை.

தண்ணீர் அடிப்படைப் பூச்சுக்கு மாறியதாகச் சொல்பவர்களைப் பாராட்டுகிறேன். நல்ல பூச்சுதான், நானும் அதைத்தான் விரும்பி அடிக்கிறேன். அதற்காக டப்பாவில் இருப்பது வெறும் தண்ணீர் என்று யாரும் நினைக்க வேண்டாம். கெடாமல் இருக்க ஐசோதயசோலினோன் வகைப் பொருள்கள் சேர்க்கிறார்கள். அது சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் வகைகள் பலவற்றில் அடிப்பவரின் மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே கன் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் மாறியதில் பாதிப் பயன் அங்கேயே போய்விடும்.

புற ஊதா ஒளியில் இறுகும் பூச்சில் ஆவியாகிப் போவது மிகக் குறைவு, நொடிகளில் காய்கிறது. தட்டையான பலகைக்கு அருமை. ஒளி விழாத வளைவிலும் குழியிலும் அது முழுசாக இறுகாது. அதன் பிசினான அக்ரிலேட் இறுகாமல் நின்றால் தோலுக்கு ஆகாது. ஒளியில் வேலையைத் தொடங்கிவைக்கும் வேதிப்பொருள் எது என்பதையும் சொல்ல வேண்டும். அப்படி அதிகம் புழங்கிய டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

எண்ணெய், மெழுகு எல்லாம் மரத்தாள் (வெனீர்) ஒட்டிய முகத்துக்கு அழகுதான். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம் என்பதை மட்டும் 'இயற்கை' என்று எழுதிய டப்பாவில் பெரிதாகவே அச்சிடுங்கள்.

என் கணிப்பில், ஆறு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லக்கூடியது பவுடர் பூச்சு. கரைப்பான் கிடையாது, பலகையில் ஒட்டாமல் சிதறிய பொடியைச் சேகரித்து மறுபடி பயன்படுத்தலாம், விளிம்பையும் வளைவையும் சேர்த்தே மூடும். சிக்கல் பலகையில் இருக்கிறது. பொடி உருகி இறுகப் பொதுவாக 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். அந்தச் சூட்டில், ஈரப்பதம் சீராக இல்லாத பலகையின் விளிம்பு வெடித்துவிடும். பொடி ஒட்டுவதற்கும் அந்த ஈரம் அளவாக இருந்தாக வேண்டும். இதைப் பட்டறையில் நாங்கள் சரிசெய்ய முடியாது. அடர்த்தியும் ஈரமும் சீரான பலகையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம், சோதனை அறிக்கை. வெறும் பலகைக்கு எடுத்த எண்ணைக் காட்டாதீர்கள். துளை போட்டு, பூச்சு அடித்து, கடைக்குப் போகும் நிலையில் உள்ள முழு அலமாரியைச் சோதித்து அந்த எண்ணைப் போடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு விதி, 2026 ஆகஸ்ட் முதல் அறைகலன்களுக்கும் மரப் பொருள்களுக்கும் ஒரு கனமீட்டர் காற்றில் 0.062 மில்லிகிராம் என்று ஃபார்மால்டிஹைடு வரம்பு வைக்கிறது. இ1 என்ற பழைய ஐரோப்பிய உமிழ்வுத் தரப் பலகைக்கு இருந்த 0.124இல் இது சரிபாதி. வரம்பு பலகையோடு நிற்காமல் செய்து முடித்த பொருளுக்கும் வருகிறது என்பதைக் கவனியுங்கள். எந்த நாட்டில் விற்றாலும் இதே எண்ணை நீங்களாகவே ஏற்றுக்கொண்டால் என்ன?

ஒவ்வொரு பெட்டியோடும் விளிம்பு அடைக்கும் பூச்சு ஒரு சின்னக் குப்பியும், கீல் குழிகளுக்கு மூடிகளும் சேர்த்துத் தாருங்கள். பொருத்துபவர் அந்த இடத்திலேயே ஓட்டை போட வேண்டி வந்தால் எதைப் பூசுவது, எவ்வளவு நேரம் காயவிடுவது என்று பொருத்தும் தாளிலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மேல்பூச்சு வேலை செய்பவன்