‘தி ஃபவுண்டன்’ திரையிடலுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள செம்பூர், மாட்டுங்கா, தாராவி நண்பர்களுக்கு,

போன ஞாயிறு மும்பை செம்பூரில் நாம் சேர்ந்து படம் பார்த்ததற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. அன்றைய அவசரத்தில் வாயால் சொன்ன நன்றி போதவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பரேல் டாடா புற்றுநோய் மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்கு மொழித்துணையாக நம்மில் சிலர் போய்வருகிறோம். எங்களில் பாதிப்பேர் வீட்டில் ஒருவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்கள். டேரன் அரனாஃப்ஸ்கியின் இந்தப் படத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு அதுவே காரணம். மூளைக் கட்டியால் இஸ்ஸியின் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அவள் கணவன் டாம் ஆராய்ச்சி மருத்துவன். மருந்தைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று ஆய்வுக்கூடத்தில் கிடக்கிறான். முதல் பனி விழுந்த அன்று, நடந்துவிட்டு வரலாம் வா என்று கூப்பிடுகிறாள். வேலை இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறான். ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கவுன்ட்டராக ஓடியவர்களுக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

ஆங்கிலம் தெரியாதவர்களும் வருவார்கள் என்று சொன்னதும், படம் முழுவதற்கும் தமிழில் சப்டைட்டில் எழுதிக் கொடுத்தார் முலுண்ட் தம்பி. ஸ்பெயின் ராணிக்காக, சாகாவரம் தரும் உயிர்மரத்தைத் தேடிப் போகும் வீரன், இன்றைய டாம், பட்டுப்போகும் மரத்தோடு விண்வெளியில் மிதப்பவன் என்று மூன்று காலமும் மாறி மாறி வரும் படம் இது. எங்குமே குழம்பவில்லை. தம்பி, உன் தூக்கம் கெட்டதற்குப் பலன் இருந்தது.

திரையிட முறைப்படி அனுமதி வாங்கும் வேலை மொத்தத்தையும் பார்த்துக்கொண்ட வக்கீல் அம்மாவுக்கும், வாடகை வேண்டாம் என்று ஹாலைத் திறந்துவிட்ட சொசைட்டிக்காரர்களுக்கும் நன்றி.

தாராவியில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் வரும் விண்மேகங்கள் பெரும்பாலும் கணினியில் உருவானவை அல்ல. சின்னக் கண்ணாடித் தட்டில் ரசாயனங்கள் கலப்பதை நுண்ணோக்கி வழியே படம்பிடித்தார்கள். பணம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். 2002-இல் நாயகன் பிராட் பிட் விலகியதும், ஆஸ்திரேலியாவில் போட்டிருந்த செட்டுகளோடு படம் நின்றுபோனது. பிறகு அரனாஃப்ஸ்கி செலவைப் பாதியாக, சுமார் 3.5 கோடி டாலராக, குறைத்துக்கொண்டு ஹியூ ஜாக்மனையும் ரேச்சல் வைஸையும் வைத்து எடுத்து 2006-இல் வெளியிட்டார். வசூல் வரவில்லை, ஆனால் அந்த இருட்டும் பொன்னிறமும் இன்றைக்கும் அப்படியே நிற்கின்றன. வெளிச்சம் கசிந்தால் அது கெட்டுவிடும் என்று காலையிலேயே வந்து ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் கறுப்புத் துணி கட்டியவர் அந்த வீடியோ அண்ணன்தான். அண்ணே, கடைசி இருபது நிமிஷம் ஹாலில் ஒருவரும் அசையவில்லை, பார்த்தீர்கள்தானே.

அன்று ஹார்பர் லைன் ரயில் பாதையில் மெகா பிளாக், பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தியிருந்தார்கள். அப்படியிருந்தும் வாஷியிலிருந்து பஸ் மாறி வந்தவர்களுக்கு நன்றி. வந்த அத்தனை பேருக்கும் சுண்டலும் காபியும் கொடுத்த மாட்டுங்கா மாமிக்கும்.

படம் முடிந்ததும் எழுந்து பேசிய தமிழாசிரியர் ஐயாவை நான் மறக்கவே மாட்டேன். நீண்ட நாள் வாழவைக்கும் நெல்லிக்கனி கையில் கிடைத்தபோது, அதன் பயனைச் சொல்லாமலேயே ஔவைக்குக் கொடுத்தான் அதியமான். இங்கே ராணிக்காகப் புறப்பட்ட வீரன், மரத்தைக் கண்டதும் அதன் பாலைத் தானே குடிக்கிறான். உடம்பெல்லாம் பூ முளைத்து மண்ணோடு போகிறான். டாமின் மருந்து ஆய்வுக்கூடக் குரங்கின் கட்டியைச் சுருக்கத் தொடங்கும்போது, கொடுப்பதற்கு இஸ்ஸி உயிரோடு இல்லை. கனி கிடைப்பது பெரிதில்லை, அது கிடைக்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதுதான் இந்தப் படம் என்றார் ஐயா. படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த வாசல் எனக்குத் திறந்தது அன்றுதான்.

அப்புறம், புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா. வலியைத் தணிக்கும் சிகிச்சை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, மற்ற சிகிச்சை நடக்கும்போதே அதையும் தொடங்கலாம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். டாமுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாமே என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். ஹாலில் பலர் அழுதோம்.

சொந்த வீட்டுத் துக்கத்தை நம்மை நம்பிப் பேசியவர்களுக்கு என் வணக்கம். நீங்கள் பேசியது அந்த ஹாலைத் தாண்டாது.

அன்று வந்தவர்களில் சிலர் இந்த வாரமே பரேலுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கும் நன்றி. வார நாட்களில் காலை ஓபிடி (வெளிநோயாளிகள் பிரிவு) நேரத்துக்குத் தமிழும் இந்தியும் பேசத் தெரிந்தவர்கள் இன்னும் வேண்டும். முடிந்தவர்கள் என்னிடமோ நர்ஸ் அக்காவிடமோ சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் செம்பூர் தோழி